காற்றும் இல்லை, கீழே சூடும் இல்லை: தண்ணீர் ஏன் மேற்பரப்புக்கு அடியில் புரண்டுகொண்டே இருக்கிறது?

கேள்வி: கண்ணாடித்தொட்டி

இதை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் இயற்பியலிலேயே போடுகிறேன், இடம் மாற்ற வேண்டுமானால் மாற்றிவிடுங்கள்.

30 செ.மீ ஆழமுள்ள கண்ணாடித் தொட்டி. அதில் அறையைவிடச் சில டிகிரி மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர். மூடி இல்லை, மின்விசிறி ஓடவில்லை, சன்னல் சாத்தியிருக்கிறது, தொட்டிக்கு அடியில் தெர்மகோல். ஊற்றும்போது உண்டான கலக்கம் அடங்கட்டும் என்று வெகுநேரம் தொடாமல் விட்டேன். வெறும் கண்ணால் பார்த்தால் தண்ணீர் அசைவே இல்லாமல் கிடக்கிறது, மேலே ஒரு சுருக்கம்கூட இல்லை.

இரவல் வாங்கிய தெர்மல் கேமராவை மேலிருந்து பிடித்தபோதுதான் உள்ளே நடப்பது தெரிந்தது. மேற்பரப்பு முழுக்கக் கறுப்புக் கோடுகள், அதாவது குளிர்ந்த கோடுகள், வலைப்பின்னலாக ஓடுகின்றன. நடுநடுவே வெளிச்சமான, கொஞ்சம் சூடான திட்டுகள். ஒவ்வொரு திட்டும் விரிந்துகொண்டே போய்க் கோடுகளை ஓரத்துக்குத் தள்ளுகிறது, இரண்டு கோடுகள் நெருங்கி ஒன்றாகிவிடுகின்றன, சற்று நேரத்தில் திட்டின் நடுவிலேயே புதிதாக ஒரு கோடு முளைக்கிறது. ஒருமுறை வந்த அமைப்பு மறுமுறை வருவதில்லை. பக்கவாட்டில் லேசர் பேனாவை ஒரு கண்ணாடிக் கம்பி வழியாக விட்டு, ஒளியை மெல்லிய தகடாக விரித்து, நுண்ணிய தூள் கலந்தும் பார்த்தேன். மேலிருந்து மெல்லிய ஏடு ஒன்று இறங்குகிறது, இறங்க இறங்க நெளிகிறது, நுனி இருபுறமும் சுருண்டு காளான் வடிவம் எடுக்கிறது, பாதி ஆழம் போவதற்குள் உருத்தெரியாமல் கலைந்துவிடுகிறது.

என் குழப்பம் இதுதான். வெப்பச்சலனம் என்றால் கீழே சூடாக்க வேண்டும் என்றுதான் படித்தேன், இங்கே எதையும் சூடாக்கவில்லை. அப்புறம், இதைக் கொந்தளிப்பு ஓட்டம், அதாவது சுழல்கள் ஒழுங்கின்றி உடைந்து கலக்கும் ஓட்டம், என்று சொல்லலாமா? வேகம் நொடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகமும் அளவும் திரவத்தின் உள் உராய்வை எவ்வளவு மிஞ்சுகின்றன என்று காட்டும் எண்) போட்டுப் பார்த்தால் ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. வெப்பச்சலனப் படங்களில் வரும் அழகான அறுகோணங்கள் ஏன் வரவில்லை என்பதும் புரியவில்லை. இன்னொன்று: சோப்பு போட்டுக் கழுவிய விரலின் நுனி தண்ணீரில் லேசாகப் பட்டது, சில நொடிகளில் கூர்மையான கோடுகள் எல்லாம் மங்கி அகலமாகிவிட்டன. தண்ணீரை மாற்றும்வரை பழைய கோடுகள் திரும்பவே இல்லை. ஒரு சொட்டு சோப்புக்கு இவ்வளவு அதிகாரமா?

பதில்: மேல்தோல்

கீழே சூடாக்குவதும் மேலே குளிரவைப்பதும் தண்ணீருக்கு ஒன்றுதான். கனமானது மேலேயும் லேசானது கீழேயும் இருந்தால் போதும், மற்றதை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். உங்கள் தொட்டியின் மேற்பரப்பு ஓயாமல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு ஆவியாதலால் போவது: ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.45 மெகாஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும், அதை அடியில் இருக்கும் தண்ணீரிடமிருந்துதான் மேற்பரப்பு பிடுங்கியாக வேண்டும். மீதி அகச்சிவப்புக் கதிர்வீச்சாகவும், ஒட்டியிருக்கும் காற்றுக்குக் கடத்தப்பட்டும் போகிறது. விசிறியை நிறுத்தியதால் ஆவியாதல் நின்றுவிடாது. ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசு, அது தானாகவே மேலே ஏறி இடம்விடும்.

வெதுவெதுப்பான தண்ணீர், அசையாத காற்று என்றால் மொத்த இழப்பைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 வாட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். நான் 200 எடுத்துக்கொள்கிறேன், தண்ணீரின் பண்புகளை 20 டிகிரியில் உள்ளபடி எடுத்துக்கொள்கிறேன். இந்த வேகத்தில் உங்கள் 30 செ.மீ தண்ணீர் முழுவதும் ஒரு டிகிரி குளிர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். அதனால்தான் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

நடப்பதெல்லாம் மேலே இருக்கும் மெல்லிய தோலில்தான். யோசித்துப் பாருங்கள், மேற்பரப்பைத் தொடும் இடத்தில் தண்ணீர் மேலும் கீழும் போக முடியாது, பரப்பைத் தாண்டி எங்கே போவது? ஆகவே கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் ஓட்டத்தால் வெப்பம் மேலே வர வழியில்லை, கடத்தல் ஒன்றுதான் வழி. தண்ணீரோ மோசமான கடத்தி, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.6 வாட்தான். அதன் வழியாக 200 வாட்டைத் தள்ள வேண்டுமென்றால் சுமார் 3 மி.மீ தடிமனுக்குள் ஏறக்குறைய ஒரு டிகிரி வீழ்ச்சி வேண்டும். உங்கள் கேமரா காட்டுவது அந்த ஒரு டிகிரிக்குள் உள்ள வேறுபாடுகளைத்தான்.

அந்தத் தோலுக்கு ஒரு வாழ்க்கைச் சுழற்சி உண்டு. சூடான தண்ணீர் அடியிலிருந்து வந்து மேற்பரப்பில் விரியும்போது தோல் கிட்டத்தட்ட இல்லை. பிறகு மேலிருந்து குளிர் உள்ளே விரவ விரவத் தோல் தடிக்கிறது, சில பத்து நொடிகளில் சில மில்லிமீட்டர் ஆகிறது. ஓர் அளவுக்கு மேல் அதன் கனத்தைப் பாகியலால், அதாவது தண்ணீரின் உள் உராய்வால், தாங்கிப் பிடிக்க முடியாது, ஏதோ ஒரு கோட்டில் மடங்கி உள்ளே சரிகிறது. அது போன இடத்தில் மறுபடி சூடான தண்ணீர், மறுபடி புதுத் தோல். 1960-களில் ஹோவர்ட் என்பவர் முன்வைத்த விளக்கமும் இதுதான். திட்டின் நடுவில் புதுக்கோடு முளைப்பதாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் அந்தத் தோல் பக்குவம் வந்து உடையும் நேரம்.

ஒரு டிகிரி வேறுபாட்டால் அடர்த்தி மாறுவது 0.02 சதவீதம்தான். அதற்கா இவ்வளவு ஆட்டம் என்று தோன்றும். ராலே எண்ணை, அதாவது மிதப்பு விசை பாகியலையும் வெப்பக் கடத்தலையும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் எண்ணை, போட்டுப் பாருங்கள்: 30 செ.மீ ஆழம், ஒரு டிகிரி வேறுபாடு, வருவது சுமார் 38 கோடி. அடியில் திடத்தளமும் மேலே தடையற்ற பரப்பும் உள்ள அடுக்கில் ஓட்டம் தொடங்குவதற்குத் தேவையான எண் 1101. ஆழம் மும்மடி அடுக்கில் வருவதால்தான் இப்படி எகிறுகிறது.

பதில்: வரிச்சீர்

மேலே சொன்ன வெப்பக்கணக்கு எல்லாம் சரி. ஆனால் "கொந்தளிப்பு" என்பதை நான் ஏற்கவில்லை. நொடிக்கு 3 மி.மீ வேகம், ரெனால்ட்ஸ் எண் 900. குழாயில் 2000-க்குக் கீழே வரிச்சீர் ஓட்டம், அதாவது அடுக்கடுக்காகக் கலக்காமல் ஓடும் ஓட்டம், என்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். ஒழுங்கில்லாமல் இருப்பதெல்லாம் கொந்தளிப்பு ஆகிவிடாது, நாலைந்து ப்ளூம்கள் (இறங்கும் குளிர்நீர்த் தாரைகள்) தாறுமாறாக இறங்கினால் அதை ஒழுங்கற்ற வரிச்சீர் ஓட்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. கேள்வி கேட்டவரே ஏடு இறங்குவதையும் காளான் நுனியையும் தெளிவாகப் பார்த்திருக்கிறார், கொந்தளிப்பில் இவ்வளவு தெளிவாக உருவம் தெரியுமா?

பதில்: சுழிக்கணக்கு

அந்த 2000 குழாய்க்கு உரியது, குழாய்க்கு வெளியே அதைக் கொண்டுவராதீர்கள். குழாயில் ஓட்டத்தைப் பம்பு தள்ளுகிறது, ஓட்டம் வேகம் எடுத்த பிறகுதான் சுவரோடு உராய்ந்து குலைகிறது. இங்கே ஓட்டத்தைத் தள்ளுவதே அந்தக் குலைவுதான். எங்கே தோல் உடைகிறதோ அங்கேயே விசையும் பிறக்கிறது. அதனால் எல்லையைத் தீர்மானிப்பது ராலே எண், ரெனால்ட்ஸ் எண் அதன் விளைவு.

வேகத்தை எப்படி மதிப்பிடுவது என்று பார்ப்போம். வளிமண்டலத்துக்காக டியர்டார்ஃப் என்ற வானிலை ஆய்வாளர் 1970-ல் பயன்படுத்திய அளவுகோல் தொட்டிக்கும் பொருந்தும்: மேற்பரப்பில் உண்டாகும் மிதப்புப் பாய்வை (வெப்ப இழப்பு எவ்வளவு வேகமாக மிதப்பு விசையை உண்டாக்குகிறது என்ற அளவை) ஆழத்தால் பெருக்கிக் கனமூலம் எடுக்க வேண்டும். 200 வாட்டுக்கு மிதப்புப் பாய்வு, எஸ்.ஐ. அலகில், ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. 0.3 மீட்டரால் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் நொடிக்கு 3 மி.மீ வருகிறது. கேள்வி கேட்டவர் கண்ணால் பார்த்துச் சொன்னதும் அதேதான், இந்த மாதிரி எளிய கணக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். மேலிருந்து அடிவரை ஒருமுறை போக 100 நொடி.

இப்போது கொந்தளிப்பா இல்லையா. ஆற்றல் எந்த அளவில் உள்ளே வருகிறது, எந்த அளவில் பாகியலால் தேய்ந்து வெப்பமாகிறது, இரண்டுக்கும் இடையில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் போதும். உள்ளே வருவது தொட்டியின் ஆழத்தளவுச் சுழல்களில், 30 செ.மீ. தேய்வது கோல்மோகோரோவ் நீளம் எனப்படும் மிகச்சிறிய சுழல்களின் அளவில், இந்தப் பாய்வுக்கு அது கிட்டத்தட்ட 2 மி.மீ. நடுவில் 150 மடங்கு இடைவெளி. பெரிய சுழல் சிறிதாக உடைய இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. அதனால் என் தீர்ப்பு: வலுக்குறைந்த, ஆனால் உண்மையான கொந்தளிப்பு. புத்தகத்தில் வரும் 5/3 சரிவு கொண்ட ஆற்றல் நிறமாலையை, அதாவது எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடத்தை, இந்தத் தொட்டியில் தேடாதீர்கள், கிடைக்காது. அதற்குப் பல மீட்டர் ஆழம் வேண்டும்.

உருவம் தெரிவது பற்றி: வெப்பச்சலனக் கொந்தளிப்பின் அடையாளமே அந்த உருவங்கள்தான். எல்லை அடுக்கிலிருந்து, இங்கே அந்தத் தோலிலிருந்து, கிளம்பும் ஏடுகள் கோடிக்கணக்கான ராலே எண்ணிலும் இருக்கும், அவை கலைந்து கலந்த பின்னணியில்தான் ஒழுங்கின்மை குடியிருக்கும். "பாதி ஆழம் போவதற்குள் கலைந்துவிடுகிறது" என்று அவர் எழுதியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். வரிச்சீர் ப்ளூம் அப்படிக் கலையாது, அடிவரை போய்த் தரையில் மோதி விரியும்.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நடப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஒரு சுழல் மேலே வருகிறது என்று வையுங்கள். பரப்பை நெருங்க நெருங்க அதன் மேல்நோக்கிய வேகம் பூச்சியத்தை நோக்கிக் குறையும், ஆனால் ஆற்றல் எங்கும் போய்விடாது, கிடைமட்டமாகத் திரும்பிவிடும். தரையில் ஊற்றிய மாவு பரவுகிற மாதிரி விரியும். தடையற்ற பரப்பில் கிடைமட்ட வேகத்துக்குத் தடை இல்லை, அதனால் பரப்பை ஒட்டிச் செங்குத்து ஏற்றஇறக்கம் செத்துப்போய் கிடைமட்ட ஏற்றஇறக்கம் மட்டும் மிஞ்சும். உங்கள் வெளிச்சத் திட்டுகள் இப்படி விரியும் இடங்கள். இரண்டு திட்டுகள் விரிந்து மோதும் இடத்தில் தண்ணீர் போக ஒரே வழி கீழே, அங்கேதான் கோடு. கோட்டுக்கு வந்து சேரும் தண்ணீர் பரப்பில் அதிக நேரம் கிடந்து குளிர்ந்த தண்ணீர், எனவே கறுப்பு. தூளில் மிதக்கும் துகள் ஏதாவது இருந்தால் அதுவும் கோடுகளிலேயே போய்ச் சேர்ந்திருக்கும், பாருங்கள்.

மேலே ஏறுவது அகலமாகவும் மெதுவாகவும், இறங்குவது ஒடுக்கமாகவும் வேகமாகவும் இருப்பதற்குக் காரணம், இங்கே எல்லை அடுக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது. அடியில் தெர்மகோல், அங்கே தோலே இல்லை. அடியில் சூடுதட்டு வைத்து மேலே மூடி போட்டால் கதை தலைகீழ்.

மறுமொழி: வரிச்சீர்

150 மடங்கு என்பது குறைவுதான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். "வலுக்குறைந்த கொந்தளிப்பு" என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

மறுமொழி: கண்ணாடித்தொட்டி

நன்றி, தோலின் கதை நன்றாகப் புரிந்தது. மிதக்கும் துகள்கள் கோடுகளில்தான் சேர்ந்திருக்கின்றன, மறுபடி போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இன்னொன்றும் செய்தேன்: தொட்டியின் மேல், தண்ணீரைத் தொடாமல், ஒரு கண்ணாடித் தகட்டை மூடிவிட்டு லேசர் வெளிச்சத்தில் பார்த்தால் ஏடுகள் இறங்குவது மெல்ல மெல்ல ஓய்ந்துவிடுகிறது. தகட்டை எடுத்ததும் திரும்ப ஆரம்பிக்கிறது. ஆவியாதல்தான் காரணம் என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் அறுகோணமும் சோப்பும் இன்னும் பாக்கி. பரப்பு இழுவிசையால் வரும் மாரங்கோனி ஓட்டமும் இதில் கலந்திருக்கிறதா?

பதில்: மெல்லேடு

மூடினால் ஓய்வது சரி. தகட்டுக்கு அடியில் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும், ஆவியாதல் கிட்டத்தட்ட நின்றுபோகும், கண்ணாடி அகச்சிவப்பையும் மறிக்கும். ஆனால் தகடு குளிர்ந்தால் அதன் அடியில் ஆவி படிய ஆரம்பிக்கும், அப்போது ஆவியாதல் மறுபடி தலைதூக்கும். அதனால் மூடியதும் எல்லாம் முழுசாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறுகோணத்துக்கு வருகிறேன். பெனார் 1900-ல் செய்த பரிசோதனைகளில் இருந்தவை மிக மெல்லிய திரவப் படலங்கள், மேலே திறந்தவை. அதில் வந்த அறுகோணங்களை விளக்கத்தான் ராலே 1916-ல் மிதப்பு விசைக் கோட்பாட்டை எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அந்த அறுகோணங்களுக்கு மிதப்பு விசை முக்கியக் காரணமே இல்லை. 1956-ல் பிளாக்கும் 1958-ல் பியர்சனும் காட்டியபடி அவற்றை நடத்தியது பரப்பு இழுவிசை. குளிர்ந்த இடத்தில் இழுவிசை அதிகம், சூடான இடத்தில் குறைவு, எனவே பரப்பு சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இழுபடும். ராலேயின் கோட்பாடு தவறில்லை, பெனாரின் படலத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே ஓட்டத்துக்கு வைத்துவிட்டார்கள், அந்தக் குழப்பம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

மாரங்கோனி விளைவு, ஆழம் கூடக் கூட, ஆழத்தின் முதல் அடுக்கில்தான் வளரும், மிதப்பு விசை மூன்றாம் அடுக்கில் வளரும். மெல்லிய படலத்தில் முதலாவது ஜெயிக்கும், 30 செ.மீ தொட்டியில் இரண்டாவது. அதுமட்டுமல்ல, 38 கோடி ராலே எண்ணில் எந்த ஒழுங்கான வடிவமும் நிலைக்காது. அறுகோணம் என்பது ஓட்டம் தொடங்கும் எல்லையை ஒட்டிய சமாச்சாரம்.

ஆனாலும் ஒரு நியாயமான சந்தேகம் எழ வேண்டும். அந்த 3 மி.மீ தோலை மட்டும் எடுத்துக்கொண்டு மாரங்கோனி எண்ணை (பரப்பு இழுவிசைக்கான ராலே எண் மாதிரி) போட்டால் மூவாயிரத்துக்கு மேல் வருகிறது, தேவையான எல்லையோ சுமார் 80. அப்படியானால் தண்ணீர்ப் பரப்பு மாரங்கோனியால் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீரில் அப்படி நடப்பதைப் பார்ப்பது அரிது. காரணம் அழுக்கு. ஒரு டிகிரிக்குத் தண்ணீரின் பரப்பு இழுவிசை மாறுவது மீட்டருக்கு 0.15 மில்லிநியூட்டன்தான், மொத்த இழுவிசையோ 72.8. அந்தச் சின்ன மாற்றத்தைச் சரிக்கட்ட மேலே மிதக்கும் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலத்தின் எச்சம்கூடப் போதும். குழாய்த் தண்ணீர், தூசி, விரல் ரேகையின் எண்ணெய், எதிலிருந்தாவது அது வந்துவிடும்.

உங்கள் சோப்பும் அதே வேலையைத்தான் செய்தது, கொஞ்சம் பலமாக. திட்டு விரியும்போது சோப்புப் படலத்தையும் சேர்த்து ஓரத்துக்குத் தள்ளப் பார்க்கிறது. ஓரத்தில் படலம் நெரிசலானால் அங்கே இழுவிசை குறைகிறது, நடுவில் படலம் மெலிந்து இழுவிசை கூடுகிறது, ஆகப் பரப்பு பின்னோக்கி இழுபடுகிறது. கடைசியில் பரப்பு நகராமல் விறைத்துவிடும். தடையற்ற பரப்பாக இருந்தது, ஓட்டத்தின் கண்ணுக்குத் திடமான மூடி மாதிரி ஆகிவிடுகிறது. மேலே ஒருவர் சொன்ன 1101 என்ற எல்லை, இருபுறமும் திடமானால் 1708 ஆகும் என்பது இதே விஷயத்தின் எளிய வடிவம். சூடான தண்ணீர் பரப்புவரை வந்து பழைய தோலைப் பக்கவாட்டில் ஒதுக்க முடியவில்லை, தோல் தடிக்கிறது, கோடுகளின் ஓரம் மங்குகிறது. அடியில் ஏடுகள் இறங்குவது நிற்காது, லேசரில் பார்த்தால் தெரியும்.

சோப்பு ஆவியாதலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. செட்டைல் ஆல்கஹால் போல மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும் படலங்கள்தான் ஆவியாதலையே குறைக்கும், நீர்த்தேக்கங்களில் அதைத் தூவிப் பார்த்திருக்கிறார்கள், காற்றடித்தால் படலம் ஒதுங்கிவிடுவது அதில் பெரிய தலைவலி.

பதில்: ஒளித்தகடு

கோட்பாடு எல்லாம் வந்துவிட்டது, அளப்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் நிறைய.

முதலில் அந்தத் தூள். என்ன தூள் என்று சொல்லவில்லை. 50 மைக்ரான் அளவுள்ள மணல் தூசி என்றால் அசையாத தண்ணீரிலேயே நொடிக்கு 2 மி.மீ வேகத்தில் இறங்கும், அதாவது உங்கள் ஓட்டத்தின் வேகமே அவ்வளவுதான், எது தண்ணீர் எது தூள் என்று பிரிக்க முடியாது. ஆய்வகங்களில் பயன்படுத்தும் 10 மைக்ரான் உள்ளீடற்ற கண்ணாடிக் குண்டுகள் நொடிக்கு 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும். அது கிடைக்காவிட்டால், தூளைத் தனியாக ஒரு பாத்திரத்தில் கலக்கி ஒரு நாள் முழுக்க வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு நடுவில் மிதந்துகொண்டிருப்பதை மட்டும் உறிஞ்சி எடுங்கள். சாயம் போடுவதானால் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, அதே வெப்பநிலையில் போட வேண்டும், 0.02 சதவீத அடர்த்தி வேறுபாட்டில் ஓடும் ஓட்டத்துக்குச் சாயத்தின் கனமே பெரிது.

தெர்மல் கேமரா பார்ப்பது மேலே உள்ள சில பத்து மைக்ரான் மட்டும், தண்ணீர் அந்த அலைநீளத்தை அவ்வளவு வேகமாக உறிஞ்சிவிடும். எனவே அது தோலின் மேல்முகத்தைத்தான் காட்டுகிறது, 3 மி.மீ தோலின் அடியில் என்ன என்பது அதற்குத் தெரியாது. அதோடு தண்ணீர் சில சதவீதம் பிரதிபலிக்கும். நேர் மேலே நின்று பிடித்தால் உங்கள் முகமும் கேமராவின் சூடும் படத்தில் ஒரு திட்டாக வரும், லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் திட்டு எதுவாக இருந்தாலும் அது பிரதிபலிப்பு என்று சந்தேகப்படுங்கள்.

சுவர்கள். அடியில் தெர்மகோல் வைத்தீர்கள், பக்கங்களில்? கண்ணாடி வழியாக வெப்பம் போனால் சுவரை ஒட்டித் தண்ணீர் இறங்கி, தொட்டி முழுக்க ஒரு பெரிய சுழற்சி உண்டாகும், கோடுகள் எல்லாம் சுவரை நோக்கி ஊர்வதாகத் தெரியும். நாலு பக்கமும் தெர்மகோலால் மூடிவிட்டு, படம் எடுக்கும்போது மட்டும் ஒரு பக்கத்தைத் திறங்கள்.

செலவில்லாத நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஓட்டத்தின் நிழலைத் தாளில் விழவைத்துப் பார்ப்பது. தூளும் வேண்டாம், சாயமும் வேண்டாம். எதிர்ப்பக்கத்துத் தெர்மகோலையும் எடுத்துவிட்டு, தூரத்தில் ஒரு சின்ன, ஒரே புள்ளியாக எரியும் விளக்கு, நடுவில் தொட்டி, இந்தப் பக்கம் வெள்ளைத் தாள். ஒரு டிகிரி வேறுபாட்டுக்குத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும், இறங்கும் ஏடுகள் தாளில் நிழலும் ஒளியுமாக விழ அது போதும். ஏட்டைப் பக்கவாட்டில் பார்க்கும்போது மெல்லிசாகவும், முகத்தை நேராகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாமலும் இருக்கும், அதில் குழம்ப வேண்டாம்.

வெப்ப இழப்பை ஊகிக்க வேண்டியதும் இல்லை. தொட்டியையோ, அதே தண்ணீர் நிரப்பிய தட்டையோ தராசில் வையுங்கள். சதுர மீட்டருக்கு மணிக்கு 100 கிராம் குறைந்தால் ஆவியாதல் மட்டும் 68 வாட். லேசரைப் பற்றி ஒரு வார்த்தை: தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் கதிர் எப்போதும் கண் மட்டத்துக்குத்தான் வரும், குனியும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஏரிக்கரை

தொட்டியிலிருந்து கொஞ்சம் வெளியே வருகிறேன், மன்னிக்கவும். இதே விஷயம் ஏரிகளிலும் கடலிலும் இரவு முழுக்க நடக்கிறது, அங்கே இது விளையாட்டு இல்லை. 10 மீட்டர் ஆழமுள்ள கலப்படுக்கில், அதாவது நன்றாகக் கலந்திருக்கும் மேல் நீரடுக்கில், அதே 200 வாட்டுக்கு வேகம் நொடிக்கு ஒரு செ.மீ, ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சம். வரிச்சீர் நண்பர் அங்கே வந்தால் தாராளமாகக் கொந்தளிப்பைப் பார்க்கலாம். நொடிக்கு 5 மீட்டர் காற்று தண்ணீருக்குள் உண்டாக்கும் உராய்வு வேகம் (காற்றின் இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதை வேகமாகச் சொல்வது) நொடிக்குச் சுமார் 6 மி.மீ, அதாவது கிட்டத்தட்ட அதே அளவு. காற்று ஓய்ந்த இரவில் கலக்குவது வெப்பச்சலனம்தான்.

ஆக்சிஜன் தண்ணீருக்குள் போவதும் இந்தக் கோடுகளை நம்பித்தான். வெப்பத்தைவிட ஆக்சிஜன் தண்ணீரில் மிக மெதுவாக விரவும், அதனால் அதற்கான தோல் வெப்பத் தோலில் எட்டில் ஒரு பங்குகூடத் தடிமன் இருக்காது. அந்த மெல்லிய ஆக்சிஜன் தோலைக் கூட்டிப் பெருக்கி உள்ளே இழுத்துப் போவது இறங்கும் ஏடுகளே. பரப்பு எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது என்பதை வைத்து வாயுப் பரிமாற்றத்தைக் கணக்கிடலாம் என்று ஹிக்பி 1935-லும் டான்க்வெர்ட்ஸ் 1951-லும் எழுதினார்கள், சோப்புப் படலம் வந்தால் அந்தப் பரிமாற்றமும் குறையும்.

குளிர்நாட்டு ஏரிகளில் ஒரு திருப்பம் உண்டு. 4 டிகிரியில் நல்ல தண்ணீரின் அடர்த்தி உச்சம், அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகிறது. மேற்பரப்பு 4 டிகிரியை எட்டியதும் இந்த இயந்திரம் அப்படியே நின்றுவிடும், குளிர்ந்த தண்ணீர் மேலேயே தங்கி உறையும். 4 டிகிரியை நெருங்கும்போதே வெப்ப விரிவு மிகச் சிறிதாகிவிடுவதால் ஓட்டம் தளர்ந்துகொண்டே போகும்.

மறுமொழி: கண்ணாடித்தொட்டி

சுவர்களுக்கும் தெர்மகோல் வைத்துவிட்டுத் தராசோடு மறுபடி செய்கிறேன். தூளை வடித்தெடுக்கும் யோசனைக்கு நன்றி, பெட்டியில் அளவு எதுவும் போடவில்லை. ஆழத்தைக் குறைத்துப் பார்த்தால் என்ன மாறும்? 10 செ.மீ தண்ணீர் மட்டும் ஊற்றினால்?

மறுமொழி: சுழிக்கணக்கு

வெப்பநிலையையும் அறையின் ஈரப்பதத்தையும் மாற்றாமல் ஆழத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்காக்கினால், உள்ளே வேகம் 1.44-ஆல் வகுபடும், கனமூலம்தானே. 3 மி.மீ, 2 மி.மீ ஆகும். அடியில் உள்ள சுழல்கள் சிறியதாகும், முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் பாதிக்கு வந்துவிடும். ஆனால் மேலே உள்ள தோலின் தடிமனும், அதற்குக் குறுக்கே உள்ள ஒரு டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். வெப்பப் பாய்வு வெறும் கடத்தலைவிட எத்தனை மடங்கு என்பது ராலே எண்ணின் 1/3 அடுக்கில் போகிறது என்றால், ராலே எண்ணில் ஆழம் மும்மடி, வெறும் கடத்தலோ ஆழத்தால் வகுபடுவது என்பதால், கணக்கிலிருந்து ஆழமே விழுந்துவிடுகிறது. தோலுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது தோலுக்குத் தெரியாது. கேமராவில் வெளிச்சத் திட்டுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு ஆழத்திலும் குறித்துவந்து இங்கே போடுங்கள். தண்ணீர் குளிர்ந்துகொண்டே போவதால் இரண்டையும் ஒரே வெப்பநிலையில் படம் எடுக்க மறக்காதீர்கள், 10 செ.மீ தண்ணீர் மூன்று மடங்கு வேகமாகக் குளிரும்.